மணி ஏன் விரிசல் விடுது? கண்ணாடி மணி பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கையால செய்யற கண்ணாடி மணி பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கத்துல இருந்து நிறைய கேள்வி வந்துடுச்சு. ஒரே மாதிரி கேட்டவங்கள ஒண்ணா சேத்துட்டேன். எல்லாருக்கும் பதில் இருக்கான்னு பாத்துக்கோங்க.

அக்கா, வேலூர்ல ஒரு கண்காட்சில கையால செஞ்ச மணின்னு சொல்லி ஒரு மாலை வாங்குனேன். எங்க மாமியார் பாத்துட்டு இது அச்சுல அழுத்துனது, காசு போச்சுன்னு சொல்றாங்க. எப்படி கண்டுபிடிக்கறது?
– வாசகி, ராணிப்பேட்டை

முதல்ல ஓட்டைய பாருங்கம்மா. கலரும் டிசைனும் யாரு வேணா காப்பி அடிக்கலாம், ஓட்டைதான் உண்மைய சொல்லும். உருகுன கண்ணாடிய கம்பில சுத்தி செஞ்ச மணின்னா ஓட்டையோட வாய்ப்பக்கம் கொஞ்சம் உள்ள குழிஞ்சு, ஓரம் வழவழன்னு இருக்கும், கைய கிழிக்காது, நூல அறுக்காது. உள்ள வெள்ளையாவோ சாம்பல் கலர்லயோ மாவு மாதிரி லேசா ஒட்டியிருந்தாலும் இருக்கும், அது கம்பில பூசுற களிமண், சரியா கழுவலன்னு அர்த்தம், ஆனா கைவேலைங்கறதுக்கு சாட்சி. அச்சுல அழுத்துன மணில நடுவுல ஒரு கோடு சுத்தி ஓடும், ரெண்டு பாதி சேந்த எடம், நகத்த வெச்சு தடவுனா தெரியும், நல்லா பாலிஷ் போட்டிருந்தா தெரியாமலும் போகலாம். அப்புறம் மாலைல ஒரு பத்து மணிய பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, கையால செஞ்சதுன்னா ஒண்ணு துளி குண்டா ஒண்ணு துளி ஒல்லியா இருக்கும், பத்தும் அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தா கொஞ்சம் யோசிங்க.

லென்ஸ் ஒண்ணு இருந்தா இன்னும் சுலபம். கண்ணாடிக்குள்ள சின்ன சின்ன காத்துக் குமிழி இருக்கும்ல, அதுங்க ஓட்டைய சுத்தி வளையமா போனா கம்பில சுத்துனது, ஓட்டை போற திசையிலயே நீளமா இழுபட்டு இருந்தா அது குழாயா இழுத்து வெட்டுனது. ரெண்டுமே கைவேலையா இருக்கலாம், முறைதான் வேற வேற. பிளாஸ்டிக்கான்னு சந்தேகமா இருந்தா கன்னத்துல வெச்சு பாருங்க, கண்ணாடி சில்லுன்னு இருக்கும், கனமா இருக்கும். நெருப்புல காட்டி பாக்கறேன்னு மட்டும் கெளம்பிடாதீங்க, நல்ல மணி வீணா வெடிச்சிடும். பாத்துட்டு மாமியார்கிட்டயும் லென்ஸ குடுங்க, அவங்களே சொல்லிடுவாங்க.

இத எப்படித்தான் செய்யறாங்க? வீடியோல பாத்தா கம்பிய சுத்திகினே இருக்காங்க, மணி வந்துடுது. அவ்ளோதானா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

அவ்ளோதான், ஆனா அந்த சுத்தறதுலதான் எல்லாமே இருக்கு. விவரமா சொல்றேன்.

துருப்பிடிக்காத எஃகு கம்பி ஒண்ணு எடுத்துக்கணும், அதுக்கு மேண்ட்ரல்னு பேரு. கம்பி எவ்ளோ தடியோ மணியோட ஓட்டை அவ்ளோ பெருசு. கம்பிய அப்படியே வெச்சு கண்ணாடிய சுத்துனா ஒட்டிக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது, அதனால களிமண்ணும் அலுமினா பவுடரும் தண்ணில கலந்த பீட் ரிலீஸ்னு ஒரு கொழம்புல முக்கி எடுத்து நல்லா காய வெக்கணும். ஈரம் இருந்தா நெருப்புல காட்டுனதும் பொடிஞ்சு உதிரும்.

கண்ணாடி பென்சில் தடிமன்ல ராடா வரும். இத்தாலில வெனிஸ் பக்கத்துல இருக்கற முரானோ தீவு இதுக்கு பேர் போன எடம், ஊருக்குள்ள கண்ணாடி உருக்கற ஒலை இருந்தா தீப்பிடிக்கும்னு பயந்து 1291ல கண்ணாடிக்காரங்கள அந்த தீவுக்கு மாத்திட்டாங்க. நம்ம நாட்டுல உத்தரப்பிரதேசம் வாரணாசிலயும், ஹாத்ரஸ் மாவட்டத்துல புர்தில்நகர்லயும் இந்த மணி செய்யற குடும்பங்க நிறைய.

ராட எடுத்ததும் கேஸ் டார்ச்சோட தீக்குள்ள சொருகக்கூடாது. நுனிய மட்டும் தீயோட ஓரத்துல காட்டி காட்டி எடுத்து மெதுவா சூடாக்கணும், இல்லன்னா பட்டுன்னு வெடிச்சு துண்டு பறக்கும். நுனி செவந்து, உருண்டு, தேன் மாதிரி தொங்க ஆரம்பிச்சதும், இன்னொரு கைல கம்பியயும் சூடு பண்ணி வெச்சிருக்கணும், லேசா செவப்பு தெரியற அளவுக்கு. சில்லுன்னு இருக்கற கம்பில கண்ணாடி பிடிக்காது. இப்ப உருகுனத கம்பில தொட்டு, நமக்கு எதிர்ப்பக்கமா கம்பிய உருட்டிகினே கண்ணாடிய அது மேல படிய விடணும். நாமளா அழுத்தி தேய்ச்சா களிமண் பூச்சு பேந்துரும், மணி கம்பியோட ஒட்டிக்கும். ஒரு சுத்து முழுசா வந்ததும் ராட தீயால அறுத்து எடுத்துடணும்.

அப்புறம்தான் உருட்டல். சூடான கண்ணாடி தானா உருண்டையாகப் பாக்கும், கீழயும் இழுக்கும், ஒரு நொடி கைய நிறுத்துனாலும் ஒரு பக்கமா தொங்கிடும். அதனால இடது கை நிக்காம சுத்திகினே இருக்கணும், வலது கை டிசைன் போடணும். புள்ளி வெக்கணும்னா ராட தீயில இழுத்து நூல் மாதிரி ஸ்ட்ரிங்கர் செஞ்சு வெச்சிருப்பாங்க, அத தொட்டு தொட்டு எடுக்கணும். புள்ளிய அப்படியே விட்டா மேடா நிக்கும், இன்னும் சூடு குடுத்தா உள்ள அமுங்கி சமமாயிடும். அது மேல கலர் இல்லாத தெளிவான கண்ணாடிய ஒரு பூச்சா ஊத்துனா உள்ள பூ மிதக்கற மாதிரி தெரியும். கிராஃபைட் பலகைல உருட்டுனா உருளை வடிவம், தட்டுனா பட்டை வடிவம். என் கண்ணுக்கு கொள்ளை அழகு வெறும் உருண்டைதான், ரெண்டு முனையும் ஒரே மாதிரி குழிஞ்ச உருண்டை. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அத ஒழுங்கா போடற கைய பாத்தா கும்பிடத் தோணும்.

எல்லாம் முடிஞ்சதும் மணிய தீக்கு வெளிய எடுத்து, செவப்பு நிறம் அடங்கறவரைக்கும் சுத்தி, நேரா சூடான சூளைக்குள்ள வெக்கணும். வீடியோல இந்த எடத்த வெட்டிடறாங்க. பாதி வேலை அங்கதான், அடுத்த கேள்விக்கு பதில படிச்சுட்டு போங்க.

வீட்ல சின்ன டார்ச் வெச்சு மணி செய்யறேன். செஞ்சதும் சூப்பரா இருக்கு. மறுநாள் எடுத்து பாத்தா பாதி மணில கீறல், சிலது ரெண்டா பொளந்து கெடக்கு. கண்ணாடி மட்டமா? இன்னாத்துக்கு இப்படி ஆவுது?
– வாசகர், குடியாத்தம்

தம்பி, கண்ணாடி மேல தப்பு இல்ல, ஆற விடறதுலதான் தப்பு. கடிதம் போட்டவங்கள்ல பாதிப் பேருக்கு இதே பிரச்சனைதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன்.

மணிய தீயில இருந்து எடுத்ததும் வெளித்தோல் சீக்கிரம் ஆறி இறுகிடும், உள்ள இன்னும் சூடாவே இருக்கும். அப்புறமா உள்பக்கம் ஆறி சுருங்கப் பாக்கும், ஆனா வெளிய ஏற்கனவே கெட்டியாயிட்டதால விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளயே பூட்டிக்கும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, மணி பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள இறுக்கம் இருந்துகினே இருக்கும். அன்னைக்கே வெடிக்கலாம், ஒரு வாரம் கழிச்சு வெடிக்கலாம், வாங்குனவங்க கழுத்துல இருக்கும்போது குளிச்சுட்டு வந்து ஃபேனுக்கு கீழ நின்னா அப்பவும் வெடிக்கலாம். காசு குடுத்து வாங்குனவங்களுக்கு இப்படி ஆவறத என்னால ஏத்துக்க முடியாது, அதனால சொல்றேன், சூளைல ஆற வெக்காத மணிய தயவு செஞ்சு விக்காதீங்க.

மருந்து என்னன்னா ஆனீலிங், அதாவது சூளைல வெச்சு மெதுவா ஆற வெக்கறது. அதுக்கு கரண்ட்ல ஓடற சின்ன கில்ன், அதாவது சூளை வேணும். மணி செய்யற சாதாரண சாஃப்ட் கிளாஸ் ராடுன்னா 500ல இருந்து 520 டிகிரி செல்சியஸ்ல வெச்சு, மணி முழுக்க உள்ள வெளிய ஒரே சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடணும், சுண்டைக்கா சைஸ் மணின்னா அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம். அந்த சூட்டுல கண்ணாடி உருகாது, வடிவம் மாறாது, ஆனா உள்ள இருக்கற இறுக்கம் தளந்துடும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு 50, 60 டிகிரிதான் சூடு எறங்கணும், 370 டிகிரி வரைக்கும் அப்படி கொண்டு வந்துட்டு சுவிட்ச ஆஃப் பண்ணி, கதவ தொறக்காம காலைல வரைக்கும் விட்டுடணும். பெரிய மணின்னா இன்னும் நேரம் எடுக்கும், தடிமன் கூடக்கூட நேரமும் நல்லாவே கூடும். போரோசிலிகேட் கண்ணாடின்னா, லேப்ல இருக்கற பீக்கர் கண்ணாடி வகை, அதுக்கு இன்னும் மேல, 565 டிகிரி பக்கம்.

சூளை வாங்க இப்ப வசதி இல்லன்னா வெர்மிகுலைட்ல பொதச்சு வெக்கலாம், மாடித்தோட்டத்துக்கு நர்சரில விக்கறாங்களே அதேதான். அத சூடு பண்ணி வெச்சு மணிய உள்ள பொதச்சா திடீர்னு ஆறாம காப்பாத்தும். ஆனா அது ஆனீலிங் ஆகாது, நல்லா புரிஞ்சுக்கோங்க, அன்னைக்கு ஒடையாம தப்பிக்க வெக்கும், அவ்ளோதான். அப்படி சேத்து வெச்ச மணிய எல்லாம் அப்புறமா மொத்தமா சூளை இருக்கற எடத்துல குடுத்து, சாதாரண சூட்டுல இருந்து மெதுவா ஏத்தி ஆனீல் பண்ணிக்கலாம், அது முழுசா பலிக்கும். ஏற்கனவே கீறல் விட்டது மட்டும் சரியாவாது.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு ஃபேன். வேலூர் ஜில்லா வெயில்ல ஃபேன் இல்லாம தீ முன்னாடி உக்காரறது கொடுமைதான், தெரியும், ஆனா மேல சுத்தற ஃபேன் காத்து மணி மேல நேரா பட்டா ஒரு பக்கம் மட்டும் ஆறி கீறல் விடும், தீயும் ஆடும். முதுகுக்கு பின்னாடி இருந்து காத்து போற மாதிரி இல்லாம, பக்கத்து ஜன்னல்ல எக்ஸாஸ்ட் வெச்சு காத்த வெளிய இழுக்கற மாதிரி பண்ணுங்க. ரெண்டாவது கரண்ட் கட். சூளை ஓடும்போது கரண்ட் போச்சுன்னா கதவ தொறந்து பாக்கவே கூடாது. அப்படியே விடுங்க, கரண்ட் வந்ததும் அவசரப்படாம மெதுவா மறுபடியும் 510க்கு ஏத்தி முதல்ல இருந்து பண்ணுங்க. ஒரே மணிய ரெண்டு தடவ ஆனீல் பண்ணா கெடுதல் ஒண்ணும் இல்ல.

உள்ள இறுக்கம் இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, கண்ணாடி வழிய வெளிச்சம் போற மணிக்கு மட்டும். லேப்டாப்ல வெள்ளை ஸ்க்ரீன் வெச்சுட்டு, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியா பாத்துகினே கிளாஸ திருப்புங்க, ஒரு கோணத்துல ஸ்க்ரீன் கறுப்பாயிடும். அந்த கோணத்துல நிறுத்தி, ஸ்க்ரீனுக்கும் கிளாஸுக்கும் நடுவுல மணிய காட்டுங்க. மணிக்குள்ள வெள்ளை வெள்ளையா வெளிச்சத் திட்டு தெரிஞ்சா இறுக்கம் பாக்கி இருக்குன்னு அர்த்தம், திரும்ப சூளைக்கு போகணும்.

ரிடையர்டு ஆசிரியர் நான். கண்ணாடி மணி வெளிநாட்டு சரக்கு, வெள்ளைக்காரன் கொண்டாந்ததுன்னு பேத்தி ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களாம். சரியா?
– வாசகர், ஆற்காடு

இல்லவே இல்ல சார், பேத்திகிட்ட தைரியமா சொல்லுங்க. புதுச்சேரிக்கு பக்கத்துல அரிக்கமேடு இருக்குல்ல, 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டுனாரே, ரோமாபுரி பானை ஓடு கெடச்ச எடம்னு பாடப்புத்தகத்துல வரும், அங்க கண்ணாடி மணி செஞ்ச கழிவும் மணியும் அள்ள அள்ள கெடச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பட்டறை. சின்ன சின்ன ஒரே கலர் மணிங்க, செவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு. இந்த வகை மணி தென்கிழக்கு ஆசியா முழுக்க, ஆப்பிரிக்கா கிழக்குக் கரை, கொரியா, ஜப்பான் வரைக்கும் மண்ணுல கெடச்சிருக்கு. அத ஆராய்ச்சி பண்ண அமெரிக்கர் பீட்டர் ஃபிரான்சிஸ் இதுக்கு இந்தோ பசிபிக் மணின்னு பேர் வெச்சார். கடல் தாண்டி இங்க இருந்து போன சரக்கு சார் அது.

அதவிட நம்ம ஜில்லாக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது பாப்பாநாயுடுபேட்டை. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவுல இருக்கற ஊர், இப்ப திருப்பதி மாவட்டம். 1911ல சித்தூர் ஜில்லா தனியா பிரியறதுக்கு முன்னாடி அந்த பக்கமெல்லாம் பழைய வட ஆற்காடுதான். அந்த ஊர்லதான் அரிக்கமேட்டு முறை அழியாம இருந்துச்சுன்னு ஃபிரான்சிஸ் கண்டுபிடிச்சு எழுதினார். முறைக்கு பேரு லாடா, பெரிய இரும்புக் குழாய்க்கும் அதே பேருதான். உருகுன கண்ணாடிய அந்தக் குழாய் நுனில கூம்பா திரட்டி, நடுவுல கம்பி விட்டு பொந்து பண்ணி, ஒலைக்குள்ள வெச்சுட்டு, இன்னொரு பக்கத்துல உக்காந்திருக்கறவர் நுனிய கொக்கி போட்டு வெளிய இழுப்பார். இழுக்க இழுக்க பொந்தோடயே நீளும், கை மாத்தி கை மாத்தி மணிக்கணக்கா இழுத்துகினே இருக்கணும், நடுவுல நிறுத்த முடியாது. இழுக்கற வேகம் கூடுனா குழாய் ஒல்லி, கொறஞ்சா தடி, அளவெல்லாம் அந்த கை பழக்கத்துலதான்.

அப்படி வந்த மெல்லிசு குழாயெல்லாம் கத்தி முனைல வெச்சு சின்ன சின்ன துண்டா வெட்டணும். வெட்டுனது ஓரம் கூரா இருக்கும், நூல அறுத்துடும். அதுக்கு என்ன பண்ணாங்கன்னா துண்டெல்லாம் சாம்பல்ல பொரட்டி, ஓட்டைக்குள்ளயும் சாம்பல் ஏற வெச்சு, சட்டில போட்டு சூடு பண்ணி கிளறுவாங்க. சாம்பல் இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஓட்டையும் மூடாது, ஓரம் மட்டும் மழுங்கி உருண்டையாயிடும். சல்லடைல சலிச்சு சைஸ் பிரிச்சா வேலை முடிஞ்சுது. கரண்ட் இல்லாம மெஷின் இல்லாம ஒரு குழாய்ல இருந்து ஆயிரக்கணக்குல மணி எடுக்க யோசிச்ச மூளை எப்பேர்ப்பட்ட மூளை சார்! சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு போனா பேத்திக்கு பழைய மணிங்கள தேடி காட்டுங்க.

ஒடஞ்ச கண்ணாடி வளையல், பாட்டில் எல்லாம் சேத்து உருக்கி மணி செய்யலாமா? வீணா குப்பைல போடறதுக்கு பதிலா.
– வாசகி, ஆரணி

செய்யலாம்மா, ஆனா கலக்கக்கூடாது. ஒரே பாட்டில்ல இருந்து எடுத்த கண்ணாடிய அதோடயே சேத்துக்கலாம். வேற வேற கண்ணாடி சூட்டுல வேற வேற அளவு விரியும், ஆறும்போது வேற வேற அளவு சுருங்கும், ஒண்ணா சேத்தா எவ்ளோ நல்லா ஆற வெச்சாலும் சேந்த எடத்துல கண்டிப்பா விரிசல்தான். அந்த விரியற அளவுக்கு ஒரு நம்பர் இருக்கு. மணி செய்யற இத்தாலி ராடு 104, பாட்டில் கண்ணாடி 90க்கு கொஞ்சம் முன்ன பின்ன, போரோசிலிகேட் 33. நம்பர் ஒத்துப்போனாதான் ஒண்ணு சேக்கறத பத்தியே யோசிக்கலாம். வளையல்ல எந்த பட்டறைல என்ன சேத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதனால ஒரே டஜன்ல இருந்து வந்த துண்டா பாத்து எடுங்க, மேல பூசுன தங்கக் கலர் எல்லாம் தீயில கருகிப் போகும்.

ஆப்பிரிக்கால கானா நாட்டுல குரோபோ ஜனங்க பழைய பாட்டில்கள இடிச்சு பவுடராக்கி, களிமண் அச்சுல நெரப்பி, நடுவுல மரவள்ளிச் செடியோட இலைக்காம்ப சொருகி சூளைல வெச்சு எடுக்கறாங்க. காம்பு எரிஞ்சு போயிடும், ஓட்டை தயார். டார்ச் வேணாம், ராடு வேணாம். மரவள்ளி நம்ம பக்கமும் விளையுது, கரிகிரில மண்பாண்ட சூளையும் இருக்கு. யாராவது இளவயசுக்காரங்க இத நம்ம ஊர்ல எடுத்து செஞ்சா மனசார சந்தோஷப்படுவேன்.

கருகமணி உண்மைலயே கறுப்பு கண்ணாடியா? செவப்பு மணில தங்கம் போடறாங்கன்னு சொல்றாங்களே?
– வாசகி, போளூர்

கருகமணிய நல்ல வெயில்ல, இல்ல மொபைல் டார்ச் மேல வெச்சு பாருங்க, நிறைய மணி ஓரத்துல கரு ஊதாவாவோ கரும்பச்சையாவோ தெரியும். மாங்கனீசு, இரும்பு மாதிரி சங்கதிய அளவுக்கு மீறி போட்டா கண்ணுக்கு கறுப்பா தெரியும். கோபால்ட் துளி போட்டாலே ஆழமான நீலம் வந்துடும். தாமிரம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, காத்து நிறைய கெடைக்கற தீயில மயில் நீலம் குடுக்கும், காத்து கொறஞ்ச புகைத் தீயில அதே தாமிரம் செவப்பாயிடும், அரிக்கமேட்டு செவப்பு மணி எல்லாம் தாமிரம்தான். தங்கம் போடறதும் நெசம்தான், ரோஸ் கலருக்கும் மாணிக்கச் செவப்புக்கும் கொஞ்சூண்டு தங்கம் சேப்பாங்க, அதனாலதான் அந்த ராடு மட்டும் வெலை ஜாஸ்தி. கடைல கெடைக்கற பளிச்சுன்னு இருக்கற செவப்பு ஆரஞ்சு எல்லாம் பெரும்பாலும் காட்மியம், செலினியம். மணியா போட்டுக்கறதுல ஒண்ணும் இல்ல, ஆனா அத இடிச்சு பவுடர் பண்றது, காய்ஞ்சபடியே தேய்க்கறது கூடாது.

வீட்டு சிலிண்டர்லயே டார்ச் மாட்டி கத்துக்கலாமா?
– வாசகி, வாணியம்பாடி

வேணாம்மா. வீட்டு சிலிண்டர வேற வேலைக்கு எடுக்கறது சட்டப்படியும் தப்பு, டார்ச்சுக்கு கேஸோட சேத்து மாட்டற ஆக்சிஜன் சிலிண்டர சமையல்கட்டுல வெக்கறது அதவிட ஆபத்து. ஆக்சிஜன் மாட்டற எடத்துல எண்ணெய்க் கை படவே கூடாது, தீப்பிடிக்கும். ரெண்டு பைப்லயும் தீ திரும்பி உள்ள போகாம தடுக்கற ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இருக்கணும். தனி எடம், காத்து வெளிய போக வழி, காட்டன் துணி, முடிய கட்டிக்கணும், நைலான் துப்பட்டா கூடவே கூடாது.

கண்ணுக்கு டைடிமியம் கண்ணாடி கட்டாயம். சூடான கண்ணாடில இருக்கற சோடியம் பளீர்னு மஞ்சள் வெளிச்சம் விடும், அதுக்கு நடுவுல மணி எங்க இருக்குன்னே தெரியாது. டைடிமியம் அந்த மஞ்சள மட்டும் தடுக்கும். சாதாரண கூலிங் கிளாஸ் இந்த வேலைக்கு ஒதவாது.

மணிய கம்பில இருந்து எடுக்கவே வரல, இழுத்தா ஒடையுது.
– வாசகர், சத்துவாச்சாரி

தண்ணில நல்லா ஊற வெச்சுட்டு, மணிய துணில பிடிச்சுகினு கம்பிய பிளையர்ல பிடிச்சு திருகுங்க, இழுக்காதீங்க. திருகுனதும் விட்டுக்குடுக்கும். உள்ள இருக்கற மாவ வைரத்தூள் ஒட்டுன ரீமர்ங்கற மெல்லிசு அரம் வெச்சு தண்ணிக்குள்ளயே தேய்ச்சு கழுவணும், தூசி மூக்குல போகக்கூடாது. அப்பவும் வரலன்னா அடுத்த தடவ களிமண் பூச்ச இன்னும் கொஞ்சம் தடிமனா போட்டு, முழுசா காஞ்சப்புறம் ஆரம்பிங்க.